"ஏன் நேத்து வரல?" என்று கேட்கும் இடம்

"சேர்க்கை சரியில்லைங்க சார்."

ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்த ஆண்டுகளில் பெற்றோர் என்னிடம் அதிகம் சொன்னது இதைத்தான். அடுத்த வாக்கியமும் மாறாது: "அந்தப் பசங்களோட சேர விடாதீங்க." "சரிங்க, வேற யாரோட சேரலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் பதில் வராது. கெட்ட சேர்க்கையை வெட்டிவிட எல்லாருக்கும் ஆசை இருக்கிறது. நல்ல சேர்க்கையை எங்கே போய்த் தேடுவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

13 வயதிலிருந்து 18 வயது வரை பிள்ளைக்கு வீடு மட்டும் போதாது. அது வீட்டின் குறையல்ல. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடு, விடிந்ததும் அம்மா வெங்காயக் காட்டுக்கோ முந்திரித் தோப்புக்கோ போய்விடும் வீடு, அப்பா அம்மா இருவரும் உத்தியோகத்தில் இருக்கும் வீடு என்று எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும். பெற்றோர் அல்லாத ஒரு பெரியவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தன்னை நம்பி ஒரு வேலை இருக்க வேண்டும் என்று அந்த வயது கேட்கிறது. அப்படி ஓர் இடத்தை நாம் காட்டாவிட்டால் வேறு யாராவது காட்டுவார்கள்.

எதை வைத்து எடைபோடுவது

ஓர் இடம் நல்லதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

1. பிள்ளை ஒரு நாள் போகாவிட்டால், மறுநாள் "ஏன் நேத்து வரல?" என்று கேட்க அங்கே ஆள் உண்டா?
2. அவன் வராததால் அங்கே ஏதாவது வேலை நின்றதா? பந்து எடுத்து வைப்பது, வருகைப் பதிவு எழுதுவது, சின்னப் பிள்ளைகளுக்கு முதல் அடி சொல்லிக்கொடுப்பது என எதுவானாலும் சரி.
3. "இனிமேல் வரல" என்று சொன்னால் பயமில்லாமல் விலகி வர முடியுமா?

டீக்கடை முனையில் நிற்கும் செட்டும் முதல் கேள்வியில் தேறிவிடும், அவர்களும் "ஏன்டா வரல?" என்று கேட்பார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் வித்தியாசம் தெரியும். அங்கே செய்ய வேலை இருக்காது. விலகினால் கேலியோ அடியோ கிடைக்கும். மூன்றும் இருந்தால் கட்டிடம் ஓட்டை ஒழுகலாக இருந்தாலும் அது நல்ல இடம்.

தேடத் தொடங்கும் முன் ஒரு வாரம்

1. பள்ளி விட்டு இரவுச் சாப்பாடு வரை பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறான் என்று ஏழு நாள் கவனியுங்கள். விசாரணை வேண்டாம். பார்த்ததை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அவனுடைய நண்பர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். நாலு பெயர்கூடத் தெரியவில்லை என்றால் முதலில் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சுண்டலும் டீயும் போதும். வந்தவர்களிடம் மார்க் கேட்காதீர்கள்.

3. வார இறுதியில், முகம் பார்த்து உட்காராமல், வண்டியில் போகும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ பேச்சைத் தொடங்குங்கள். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்றால் "தெரியல" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஏன் சாமி, எதைச் செஞ்சா உனக்கு நேரம் போறதே தெரியாம இருக்கு?" அல்லது, "பள்ளிக்கூடத்துல யாருகிட்ட பேசினா மனசு லேசா இருக்கு?" இரண்டாவது கேள்விக்கு ஓர் ஆசிரியரின் பெயர் வந்தால் பாதி வேலை முடிந்தது.

பக்கத்தில் என்ன இருக்கிறது

பள்ளியிலிருந்து தொடங்குங்கள். இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, தேசிய பசுமைப்படை, மேல்நிலை வகுப்பில் நாட்டு நலப்பணித் திட்டம், இலக்கிய மன்றம், சிறார் திரைப்பட மன்றம் எனப் பட்டியல் நீளம். எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. பெயரளவில் இருப்பதும் உண்டு. தலைமை ஆசிரியரிடம் "என்னென்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். "போன மாதம் எது கூடுச்சு? பொறுப்பாசிரியர் யாரு?" என்று கேளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் தெருக் கூட்டி, மரக்கன்று நட்டு, ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே மாறியிருப்பதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பையன் முகாமில் சோறு வடிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்வான். அதன்பிறகு அவனைத் தேடி நாலு பேர் வருவார்கள்.

அடுத்து மைதானம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட விளையாட்டு அரங்கம் இருக்கிறது. ஊருக்கு ஒரு கபடிக் குழுவாவது இருக்கும். அரியலூரிலிருந்து கிளம்பிய கார்த்தி செல்வம் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடினார். பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் இந்திய அணி உங்கள் குறிக்கோளாக இருக்க வேண்டாம். மாவட்ட அணிக்குக்கூடத் தேர்வாகாத பிள்ளைக்கும் வாரத்தில் மூன்று நாள் வியர்க்க ஒரு மைதானமும், திட்டவும் தட்டிக்கொடுக்கவும் ஒரு மாஸ்டரும் வேண்டும்.

விளையாட்டில் நாட்டமில்லாத பிள்ளைகளைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்குப் பாட்டு, நடனம், ஓவியம், சிலம்பம் போன்றவற்றைக் குறைந்த கட்டணத்தில் கற்றுத் தருகிறது. மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் வாசகர் வட்டம் கூடுகிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று போய் ஏமாறாதீர்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகப் பிள்ளைகள் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்கிறார்கள். 10 முதல் 17 வயது வரை சேரலாம். ஊர்க் கிணற்று நீரை மாதக்கணக்கில் அளக்கும் குழுவில் உருவாகும் நட்பு தேர்வுக்குப் படிக்கும் குழுவில் உருவாவதில்லை.

பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கு வாய்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சாத்தனூர் கல்மரம் ஏறக்குறைய 12 கோடி ஆண்டு பழையது. காரை, குளக்காநத்தம் பக்கம் காலடியில் கடல் உயிரிகளின் புதைபடிவம். வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம். கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வரும். கங்கைகொண்ட சோழபுரம் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு பறவை நோக்குபவரோடோ வரலாற்று ஆசிரியரோடோ மாதம் ஒரு முறை ஐந்தாறு பிள்ளைகள் இங்கெல்லாம் போனால் அதுவே ஒரு குழு. புதைபடிவத்தைப் பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோயில் உழவாரப் பணி, தேவாலயத்தின் இளையோர் குழு, பள்ளிவாசல் சார்ந்த குழு ஆகியவையும் நல்ல இடங்களே. அதே மூன்று கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

முதல் மாதம்: படிப்படியாக

1. இரண்டு இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று பள்ளிக்குள், ஒன்று வெளியே. வெளியே உள்ளது பிள்ளை தானாகப் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் கொண்டுபோய் விட்டால்தான் ஆகும் என்றால் மூன்றாம் வாரம் நின்றுபோகும்.

2. முதலில் நீங்கள் மட்டும் போங்கள். சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அரை மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். பிழை செய்த பிள்ளையை மாஸ்டர் எப்படி நடத்துகிறார்? பெரிய பசங்க சின்னப் பசங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? சாதியையோ உடலையோ வைத்துப் பட்டப்பெயர் காதில் விழுந்தால் திரும்பிவிடுங்கள்.

3. பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்: "சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீங்க? வெளியூர் போட்டின்னா யாரு கூடப் போறாங்க? பொண்ணுங்க இருந்தா கூட பெண் டீச்சர் இருக்காங்களா? அடிபட்டா முதல்ல யாருக்குச் சொல்லுவீங்க?" நல்ல பொறுப்பாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.

4. அடுத்து பிள்ளையோடு போங்கள். அறிமுகம் செய்துவைத்ததும் கிளம்பிவிடுங்கள். "ரொம்பக் கூச்சப்படுவான் சார், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று அவன் எதிரே சொல்லாதீர்கள். புது இடத்தில் அவன் புது ஆளாக நுழையட்டும்.

5. மூன்று முறை போகச் சொல்லுங்கள், முடிவு அதன்பிறகு. முதல் நாள் எவருக்கும் பிடிக்காது. மூன்று முறைக்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு இரண்டாவது இடத்துக்கு மாறுங்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு "காசு கட்டியாச்சு, போ" என்று தள்ளும் நிலையை உண்டாக்காதீர்கள்.

6. மாதக் கடைசியில் பிள்ளைக்கு அங்கே ஒரு பொறுப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள்: "அவனுக்கு ஏதாச்சும் ஒரு வேலை குடுங்க சார்." இந்த ஒரு வாக்கியம் நான் அறிந்த பல பிள்ளைகளை நிலைக்க வைத்திருக்கிறது.

குறிப்பு: திரும்பி வந்ததும் "என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு யாரு வந்தா?" என்று கேளுங்கள். கதை தானாக வரும்.

பெண் பிள்ளை என்றால்

இந்தப் பகுதியைத் தனியே எழுத வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். வயதுக்கு வந்த மறுவாரமே மைதானம் நின்றுபோகும். அடுத்து தோழி வீடு, அதற்கடுத்து நூலகம். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அந்தப் பிள்ளைக்கு வீடும் பள்ளியும் தவிர வேறு உலகம் இருக்காது. அந்தத் தனிமையில்தான், 18 வயது நிறையும் முன்பே, கல்யாணப் பேச்சு சத்தமில்லாமல் உள்ளே வருகிறது. பேச்சு வந்துவிட்டதைக் கவனித்து வெளியே சொல்லக்கூடியவர்கள் கூட விளையாடும் தோழிகளும் ஒரு டீச்சரும்தான். அவர்கள் அவளைச் சுற்றி இருக்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

1. தனியாக அனுப்பத் தயக்கம் என்றால், தெருவில் இன்னும் இரண்டு பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். மூன்று பேர் சேர்ந்து போனால் மூன்று வீட்டுப் பாட்டிகளும் வாய் மூடுவார்கள்.

2. செலவைக் காரணம் காட்ட வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. பதினோராம் வகுப்புக்கு அரசு தரும் சைக்கிள் திண்ணையில் துருப்பிடிக்க வேண்டாம்.

3. மாதவிடாய் நாளில் என்ன செய்வது, கழிப்பறை எங்கே என்பதை அம்மாவோ அத்தையோ பெண் பொறுப்பாளரிடம் முன்பே பேசிவைக்கட்டும். பல பிள்ளைகள் பயிற்சியை விட்டுவிடுவது கழிப்பறை இல்லாததால்தான்.

4. அண்ணனையோ தம்பியையோ காவலுக்கு அனுப்பாதீர்கள். அவளுடைய இடம் அவளுடையதாக இருக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

மார்க் குறைந்ததும் முதலில் விளையாட்டை நிறுத்துவதுதான் பெரிய தவறு. பன்னிரண்டாம் வகுப்பில் இது கிட்டத்தட்ட சடங்காகவே ஆகிவிட்டது. மனம் அதிகம் அழுத்தப்படும் வருடத்தில்தான் பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருந்த தூணைப் பிடுங்குகிறோம். மணி நேரத்தைக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு நாளாவது போகட்டும்.

நல்ல இடம் கிடைத்ததும் பெற்றோரும் அதற்குள் புகுந்துகொள்வது இன்னொன்று. தினமும் மைதான ஓரத்தில் நிற்பது, வாட்ஸ்அப் குழுவில் மாஸ்டரைக் கேள்வி கேட்பது, டோர்னமென்ட்டில் ஏன் ஆட விடவில்லை என்று சண்டைக்குப் போவது. பிள்ளை கூனிக் குறுகிப் போவான். பாதுகாப்பு சம்பந்தமாக மட்டும் தலையிடுங்கள்.

பழைய நண்பர்களைத் திட்டிக்கொண்டே புதிய இடத்துக்கு அனுப்பினால், புதிய இடம் தண்டனையாகத் தெரியும். பழைய நண்பனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பாருங்கள். சில நேரம் அவனும் தப்பிப்பான்.

பாதுகாப்பு

சாலை: சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓடும் சாலைகளில் இருட்டிய பிறகு சைக்கிளில் வர விடாதீர்கள். பயிற்சி ஆறரைக்கு முடிந்தால் ஆறு மணிக்கே விடும்படி கேளுங்கள். நல்ல மாஸ்டர் ஒத்துக்கொள்வார். சைக்கிளின் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். அவசரத்துக்கென்று அப்பாவின் பைக்கைக் கொடுக்காதீர்கள். 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு ரூ.25,000 அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

தண்ணீர்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் குழுவாகக் குளிக்கக் கிளம்புவார்கள். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளில் கரை செங்குத்தாக இறங்கும். இறங்கியவர் ஏறப் பிடிமானம் கிடைக்காது. "நீச்சல் தெரியும்" என்பது அங்கே உதவாது. ஒரே ஒரு கட்டளை இடலாம் என்றால், அந்தக் குழிகளில் இறங்காதே என்பதை இடுங்கள்.

பெரியவர்கள்: எந்த மாஸ்டரோடும், எந்த அண்ணனோடும் பிள்ளை பூட்டிய அறையில் தனியாக இருக்கும் ஏற்பாடு வேண்டாம். தனிப் பரிசு, நள்ளிரவுச் செய்தி, "வீட்ல சொல்லாத" என்ற வார்த்தை ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் உங்களிடம் வரச் சொல்லி இப்போதே சொல்லிவையுங்கள். அப்படி வந்தால் முதலில் சொல்ல வேண்டியது: "நீ சொன்னது நல்லதாப் போச்சு. உன் மேல தப்பே இல்ல." பிறகு 1098க்கு அழையுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கச் சம்மதிக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. பெயர் கெட்டுவிடும் என்று பயந்து மூட வேண்டியதில்லை.

மனம்: குழு இருந்தும் பிள்ளை ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், "நான் இல்லாட்டி என்ன" என்பதுபோலப் பேசினால் தள்ளிப்போடாமல் 14416 மனநல உதவி எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் பேசலாம். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். படிப்பு, தேர்வு பற்றிய கலக்கத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417.

விலக வேண்டிய கூட்டம்

கையில் வண்ணக் கயிறு கட்டச் சொல்லும் கூட்டம், அடுத்த தெருப் பையனோடு பேசாதே என்னும் கூட்டம், பெரியவர்களின் சண்டைக்கும் பிளக்ஸ் பேனருக்கும் சிறுவர்களை முன்னால் நிறுத்தும் கூட்டம். சாதியின் பெயரால் இப்படிச் சிறுவர்களை இழுப்பது எங்கோ தெற்கே மட்டும் நடப்பதல்ல. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் பள்ளிக்குள் கயிற்றுக்குத் தடை வேண்டும் என்றது. ஆனால் கயிற்றை அறுப்பதால் மட்டும் பிள்ளை திரும்பி வந்துவிடமாட்டான். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடும் மைதானம் எது, ஒரே பந்தியில் சாப்பிடும் முகாம் எது என்று தேடிப் பிடித்துச் சேருங்கள். வீட்டில் நீங்கள் பேசும் பேச்சும் அதற்கு இசைவாக இருக்க வேண்டும்.

பையில் கூல் லிப், ஹான்ஸ் போன்ற புகையிலைப் பொட்டலம் கிடைத்தால் அடிக்காதீர்கள். யார் கொடுத்தார்கள் என்று துருவாமல், எப்போதிலிருந்து என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். விளையாட்டு மாஸ்டரிடம் சொல்லுங்கள்; இந்த விஷயத்தில் அப்பாவின் பேச்சைவிட அவர் பேச்சு எடுபடும்.

ஊரில் ஒன்றுமே இல்லையென்றால்

குன்னம், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துச் சிற்றூர்களில் இருப்பவர்கள் இதுவரை படித்ததும் "இதெல்லாம் டவுனுக்குத்தான்" என்று நினைத்திருக்கலாம். நீங்களே தொடங்கலாம், பணம் தேவையில்லை.

1. நாலு பிள்ளைகள், ஒரு பெரியவர், ஒரு கிழமை, ஒரு மணி நேரம். இதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

2. இடத்துக்கு ஊராட்சிச் செயலரிடம் போங்கள். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் பூட்டிக் கிடக்கிறது. "சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேளுங்கள்.

3. சாவி கிடைக்காவிட்டால் கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மனுவைப் பிள்ளைகளே எழுதி, அவர்களே எழுந்து படிக்கட்டும்.

4. முதல் வேலை சின்னதாக இருக்கட்டும். அலமாரித் தூசி தட்டுவது, புத்தகத்துக்கு எண் போடுவது. தை மாதம் என்றால் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். 2015 முதல் தமிழ்நாடு முழுதும் நடக்கிறது.

5. பெரியவர் எப்போதும் இருவராக இருப்பது நல்லது, அதில் ஒருவர் பெண். ஊரில் இருக்கும் கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர் யாரையாவது கேளுங்கள். வயதில் நெருங்கிய அக்காவையும் அண்ணனையும் பிள்ளைகள் சீக்கிரம் நம்புவார்கள்.

6. முதல் சனிக்கிழமை இரண்டு பேர்தான் வருவார்கள். தள்ளிவைக்காமல் அந்த இருவரோடு தொடங்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் மற்ற இருவர் வீட்டுக்கு அவர்களையே அனுப்புங்கள், "ஏன் இன்னிக்கு வரல?" என்று கேட்டு வர.